சம்மாந்துறைக்குப் போன மாப்பிள்ளைகள்

நீங்கள் கைப்பேசியில் ஸ்பெயின் நாட்டு உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்தவர்கள். முன்னால் எத்தனை பேர், பின்னால் எத்தனை பேர் என்று பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறீர்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். கல்முனைக் கடற்கரையில் ஒரு கீழ்ப்பிரிவுக் கழகத்துக்குப் பயிற்றுவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கும் அம்புக்குறி போடத் தெரியும். ஆனால் ஒரு கழகத்தைப் பொறுப்பேற்றவுடன் நீங்கள் அறிய வேண்டிய முக்கியமான விஷயம் அந்தப் பலகையில் இல்லை. அது கலியாண வீட்டில் இருக்கிறது.

ஸ்பெயினில் உங்கள் வீரனை இன்னொரு கழகம் கொண்டுபோக வேண்டுமென்றால் முகவர் வருவார், ஒப்பந்தம் வரும். எங்கள் பக்கத்தில் தரகர் வருவார், பெண் வரும். வழக்கம் உங்களுக்குத் தெரியும். நிக்காஹ் முடிந்தால் பெண் பிறந்த வீட்டை விட்டு அசைவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டில் குடிபுகுவான். பெண் அடுத்த தெருவில் இருந்தால் கழகத்துக்குச் சேதம் இல்லை. பெண் பக்கத்து ஊரான சம்மாந்துறையில் இருந்தால், அடுத்த சீசனில் அவன் சம்மாந்துறைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உங்கள் கோலுக்குள் பந்தை அடிப்பான். அடித்துவிட்டு ஓடிவந்து உங்களுக்கு ஸலாமும் சொல்வான். வளர்ப்பு அப்படி.

பயிற்றுவிப்பாளர் ஆவதற்கு முன் நான் ஒரு பத்திரிகைக்குப் பிரதேச நிருபராக இருந்தேன். யார், எங்கே, எப்போது என்று கேட்டு முடித்த பிறகுதான் ஏன் என்று கேட்க வேண்டும் என்பது அந்த வேலையில் பழகியது. அதனால் எங்கள் இடது பக்கத் தடுப்பாட்டக்காரன் நௌபல் சம்மாந்துறைக்கு மாப்பிள்ளையாகப் போனபோது நான் ஏன் என்று கேட்கவில்லை. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அடுத்த வருஷம் எங்கள் வலது பக்கத்தில் ஓடுகிறவனும் அங்கேயே போனான். அப்போதும் சாப்பிட்டேன். வரும் வழியில்தான் யார், எங்கே என்று யோசித்தேன். நௌபலுக்குப் பெண் கொடுத்தவர் ஓர் அரிசி ஆலை முதலாளி. மற்றவனுக்குக் கொடுத்தவர் அவருடைய தம்பி. அந்த ஆலை முதலாளிதான் எங்கள் பிரிவில் ஆடிய சம்மாந்துறைக் கழகத்தின் தலைவர்.

கழகத்தின் பெயர் வேண்டாம். அவரையும் ஹாஜியார் என்று மட்டும் சொல்கிறேன். அங்கே இன்றைக்கு எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். காரணம் கடைசியில் வரும்.

இதை எங்கள் கழகச் செயலாளரிடம் சொன்னேன். கல்முனைச் சந்தையில் துணிக்கடை வைத்திருப்பவர். என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்பார். அளவுகோலைக் கீழே வைக்காமலேயே சிரித்தார்.

"காக்கா, அவரு ஊட்டுக் குமருப் புள்ளைகளக் கரைசேக்கிறாரு. நீங்க அதுல ஓஃப்சைட் பாக்கிறீங்க."

"ரெண்டு பேரும் நம்மட முதல் பதினொரு பேருல இருந்தவனுகள். ஒரு மாற்று ஆளையாவது அவரு எடுத்தாரா?"

அளவுகோல் கீழே வந்தது.

"அதுவும் சரிதான்," என்றார். "நம்மட பொடியனுகளுக்கு நாமளே இங்க பொண்ணு பாத்துருவமா?"

பார்த்தோம். முழுச் சீசனும் முயன்று ஒருவனுக்கும் அமையவில்லை. தரகு வேலை எனக்கு வராது என்பதை அப்போது அறிந்தேன்.

இந்த இடத்தில் என்னுடைய ஆசானைப் பற்றி ஒரு சம்பவம். அவருக்குப் பெயர் சொல்வது பிடிக்காது, சொல்லவில்லை. நான் அவருக்கு உதவியாளாக இருந்த முதல் வருஷம், எங்கள் கோல் காப்பாளரின் கால்களுக்கு நடுவால் பந்து உருண்டு போய் ஓர் ஆட்டத்தில் தோற்றோம். ஊர் அவனைத் தின்னத் தயாராக நின்றது. ஆசான் எல்லோருக்கும் கேட்கும்படி, "நான்தான் அவன ரெண்டு எட்டு முன்னுக்கு நிக்கச் சொன்னன். பிழை எனக்கு," என்றார். ஊர் திரும்பி அவரை ஏசியது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். பிறகு கேட்டேன்.

"டேய் மனே," என்றார். "இந்த மைதானத்துல எல்லாரும் நிக்கிறானுகள். எனக்கு மட்டும் ஏன் கதிரை போட்டிரிக்கானுகள்? ஏசுறத்துக்கு ஆளு ஒரு இடத்துல இரிக்கணும். தேடித் திரிய ஏலாதுதானே?"

நிருபர் வேலையை அப்போது நான் விடவில்லை; அன்றைய செய்தியில் அவருடைய பொய்யை அப்படியே எழுதி அனுப்பினேன். நிருபராக நான் அனுப்பிய செய்திகளில் திருத்தாமல் அச்சானவை சில; அவற்றில் அது ஒன்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் முன்கள வீரன் அஸ்மி. இடது காலால் அடிப்பான். அந்தச் சீசனில் எங்களுடைய கோல்களில் பாதிக்கு மேல் அவன் அடித்தவை. அப்படியிருந்தும் நாங்கள் தேறவில்லை. கடைசி ஆட்டம் வரை இழுபட்டு வந்தோம். கடைசி ஆட்டம் சம்மாந்துறையோடு, எங்கள் மைதானத்தில், ஒரு சனிக்கிழமை மாலை. எங்களுக்கு வெற்றி வேண்டும். வென்றால் அவர்கள் இன்னும் ஒரு பிரிவு கீழே இறங்குவார்கள். தோற்றாலும் சமமாக முடிந்தாலும் நாங்கள் இறங்குவோம்.

அந்த நேரம் பார்த்து ஹாஜியாரின் இரண்டாவது மகள் ருஸைனாவுக்கு அஸ்மியைக் கேட்டு வந்தார்கள்.

அஸ்மியின் வாப்பா மௌத்தாகிப் பல வருஷம். மாப்பிள்ளை பக்கம் பேச ஒரு பெரிய ஆள் வேண்டும் என்று அவனுடைய உம்மா என்னை அழைத்தார். சம்மாந்துறையில் ஹாஜியார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன். பேச்சு சுகமாகத்தான் போனது. நாள் குறிக்கும் இடத்தில் நின்றது.

"வாற வியாழக்கிழம நிக்காஹ்வ வெச்சிருவம்," என்றார் ஹாஜியார்.

"சனிக்கிழம மேட்ச் இரிக்கே, ஹாஜியார்."

"ஆருக்கு?"

"உங்களுக்கும் எங்களுக்கும்தான்."

"அல்லாஹ்வே! மறந்தே பெய்த்து," என்று நெற்றியில் தட்டிக்கொண்டார்.

தன் கழகம் இறங்குமா நிலைக்குமா என்று முடிவாகும் ஆட்டத்தை அதன் தலைவர் மறந்துவிட்டார். பத்திரிகை வேலையில் பல அரசியல்வாதிகள் பலதையும் மறந்ததைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு அழகாக யாரும் மறந்ததில்லை.

"ஒரு கிழம தள்ளி வெப்பமா?" என்றேன்.

"ஏலாது கோச். வெள்ளாமை வெட்டத் தொடங்கிட்டா மில்லுல எனக்குத் தல சொறிய நேரமில்ல. மேட்சுக்கு என்ன குறை? சனிக்கிழம மருமகன நானே வாகனத்துல ஏத்திக்கொண்டு வந்து உங்கட மைதானத்துல இறக்குறன். பொறுப்பு எனக்கு."

நல்ல வார்த்தை. குற்றம் பிடிக்க இடமே இல்லை. சீசன் நடுவில் வீரன் கழகம் மாற முடியாது என்பது லீக் விதி. அவர் அதை மீறவில்லை. ஆனால் வியாழன் இரவிலிருந்து சனி மாலை வரை புது மாப்பிள்ளை பெண் வீட்டில் இருப்பான். புது மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் வேறு வேலை இல்லை, சாப்பிடுவதைத் தவிர. வெள்ளி பகல் மாமனார் வீட்டில் நெய்ச்சோறு. இரவு பெரிய மாமா வீட்டில் ஆட்டிறைச்சி. சனி காலை பெண்ணின் சாச்சி, அதாவது சின்னம்மா, வீட்டில் இடியப்பமும் கோழியும். ஒவ்வொரு வீட்டிலும் கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம். "போதும்" என்று சொன்னால் மாப்பிள்ளைக்கு மனக்குறை என்று அர்த்தமாகும், இன்னும் வைப்பார்கள். ஹாஜியாருக்கு அஸ்மியின் காலைக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. வயிற்றை நிரப்பினால் போதும்.

செயலாளர் துணிக்கடையில் அவசரக் கூட்டம் கூட்டினார். கூட்டம் என்றால் அவரும் நானும்.

"காக்கா, அவன வெளில வைங்க."

"வெச்சா?"

"கோச் பயந்துட்டாரெண்டு ஊரு கதைக்கும்."

"ஆடவிட்டுத் தோத்தா?"

"மருமகன் வித்துட்டான் எண்டு கதைக்கும்."

"வெண்டா?"

"நிர்வாகம் நல்லம் எண்டு கதைக்கும்," என்று தன்னைத் தொட்டுக் காட்டினார்.

தம்பிமாரே, நெருக்கடியில் முடிவெடுக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான். எல்லா முடிவிலும் ஊர் பேசப்போகிறது என்றால், ஊரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மிச்சம் யார் இருக்கிறார் என்று பாருங்கள். மிச்சம் இருந்தவன் அஸ்மி. அவனை நான் வெளியே உட்கார வைத்தால், அவனை நம்ப முடியாது என்று முதலில் சொன்னவன் நானாவேன். கழகம் அடுத்த வருஷம் திரும்பி மேலே வரலாம். அந்தப் பேச்சு அவன் பேரிலிருந்து இறங்காது. அவனை ஆடவைப்பது என்று முடிவெடுத்தேன். அடுத்த கேள்வி, அவனை எப்படிப் பசியோடு வைத்திருப்பது.

அதற்கு ஒரு திட்டம் போட்டேன். என்னுடைய பணிக்காலத்தில் இவ்வளவு நுட்பமான தடுப்பு வியூகம் நான் வேறு அமைத்ததில்லை.

கலியாண வீட்டில் நாங்கள் சஹனில் சாப்பிடுகிறவர்கள். பெரிய தட்டத்தில் சோறும் கறியும் குவித்து வைப்பார்கள். சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டத்தில் கை வைப்போம். மாப்பிள்ளையின் சஹனில் யார் உட்காருவது என்பது மாப்பிள்ளை பக்கத்தின் உரிமை. நான் மாப்பிள்ளை பக்கத்தின் பெரிய ஆள். ஆகவே அஸ்மியின் வலது பக்கம் ஜவாத், இடது பக்கம் இர்பான். எங்கள் மத்தியத் தடுப்பாட்டக்காரர்கள், இருவரும் வாசல் நிலையை மறைக்கிற அளவு. எதிரே நடுக்களத்தில் ஆடும் என் மகன் ஸபான். மிச்சத்துக்கு நானும் செயலாளரும். அஸ்மிக்கு உத்தரவு: கை அசைய வேண்டும், வாய் அசையக் கூடாது. மற்றவர்களுக்கு உத்தரவு: அவன் பக்கம் வருவதை எல்லாம் தடுத்துத் தின்ன வேண்டும்.

"சேர், எவ்வளவு தின்னணும்?" என்று ஜவாத் கேட்டான்.

"பந்து கோலுக்குள்ள போகக் கூடா. அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஹாஜியார் வீட்டில் வியூகம் களமிறங்கியது. மாமனார் வீட்டார் நின்றபடி பரிமாறினார்கள். அஸ்மிக்கு முன்னால் ஒரு முழுக் கோழி வந்து இறங்கியது; இறங்கிய வேகத்தில் ஜவாத் அதை உடைத்தான். இறைச்சித் துண்டு வந்தது; இர்பான் குறுக்கே கை போட்டான். வட்டிலப்பம் வந்தது, என் மகன் உத்தரவுக்குக் காத்திருக்கவே இல்லை. அஸ்மி பிசைந்துகொண்டே இருந்தான். ஒரு கோலும் போகவில்லை.

ஹாஜியார் எங்கள் தலைக்கு மேல் நின்று, "வைங்க, வைங்க, தம்பிமாருக்கு இன்னும் வைங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தட்டத்தைப் பார்க்கவில்லை. சுற்றியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பெயர் கேட்டார். வாப்பா என்ன வேலை என்று கேட்டார். நல்ல விருந்தோம்பல் என்று நினைத்துக்கொண்டேன். நிருபராக இருந்தவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

அந்த விருந்துக்கு வந்து சாப்பிடாத ஒரே ஆள் எங்கள் கோல் காப்பாளன் கோகுலன். பாண்டிருப்பில் கரைவலை இழுக்கிறவன். கோயில் திருவிழாவுக்கு விரதம் பிடித்திருந்தான். இருந்தாலும் அஸ்மிக்காக வந்து முற்றத்து மாமரத்தின் கீழ் கதிரையில் இருந்தான். ஹாஜியார் தானே ஓர் இளநீர் வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"குடிங்க தம்பி. மறுகா விரதம் முடிஞ்ச கையோட வாங்க, மீன்கறியோட சோறு தாறன்."

"வாறன் ஹாஜியார். நாளைக்கு நீங்க கோவிக்காட்டி," என்றான் கோகுலன்.

ஹாஜியார் சிரித்தார். அவரோடு கோபிக்க முடியாது என்பதுதான் அவரிடம் எனக்கிருந்த பெரிய பிரச்சினை.

இரவு பெரிய மாமா வீட்டிலும் வியூகம் நின்றது. சனி காலை சாச்சி வீட்டிலும் நின்றது. திரும்பி வரும்போது வாகனத்தில் ஜவாத் கண்ணைத் திறக்கவில்லை. செயலாளர் மட்டும் என் காதருகே, "காக்கா, நாம இன்னொரு தரமும் கலியாணம் வெக்கணும்," என்றார்.

ஹாஜியார் சொன்ன வார்த்தை தவறவில்லை. சனிக்கிழமை மாலை அவருடைய வாகனம் எங்கள் மைதானத்து ஓரத்தில் வந்து நின்றது. அஸ்மி புதுச் சாரம் உடுத்தி இறங்கினான். பக்கத்தில் அவனுடைய சகலன் நௌபல். எங்களிடமிருந்து முதலில் போன அதே நௌபல், இப்போது சம்மாந்துறையின் தடுப்பாட்டக்காரன். ஒரே வீட்டு இரண்டு மருமக்களும் ஒரே வாகனத்தில் வந்து வெவ்வேறு பக்கம் நடந்தார்கள்.

உடை மாற்றும்போது அஸ்மி என்னிடம் வந்தான். முகம் சரியில்லை.

"பசிக்குதா?" என்றேன்.

"பசி இரிக்கட்டும் சேர். அவ ஒரு கத சொன்னா."

"ஆரு?"

"ருஸைனா. நீங்க தோத்தா எங்கட வாப்பா சந்தோசப்படுவாரு, ஆனா மருமகன் மேட்ச வித்தான் எண்டு ரெண்டு ஊரும் கதைக்கும், அந்தக் கதையோட எனக்குக் குடும்பம் நடத்த ஏலாதெண்டா."

"சரியாத்தானே சொல்லியிரிக்கா."

"அப்ப கோல் அடிச்சா?" என்றான். "கலியாணம் முடிச்சு மூணாம் நாளு, அந்த ஊட்டுச் சோத்தத் தின்னுட்டு, அந்த மனிசன்ட கழகத்த இறக்கிட்டு, இண்டைக்கு ராவு எந்த முகத்தோட சேர் அந்த வாசல்ல ஏறுவன்?"

"அந்த ஊட்டுச் சோறு ஜவாத்தானே தின்டான்," என்றேன். அவன் சிரிக்கவில்லை. பயிற்றுவிப்பாளரிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கும் என்று நினைக்கிறவர்கள் பத்திரிகையில் பேட்டி மட்டும் வாசித்தவர்கள்.

ஆட்டம் தொடங்கியது. கச்சான் காற்று தரை மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. முதல் சில நிமிடங்களில் என்னுடைய வியூகத்தின் விளைவு தெரிந்தது. அஸ்மி முயல்போல ஓடினான். ஆனால் அவனுக்குப் பந்து கொடுக்கப் பின்னால் ஆள் இல்லை. ஜவாத் திரும்புவதற்குள் எதிரணிக்காரன் அவனைத் தாண்டிப் போய் வேலையை முடித்துக்கொண்டு வந்தான். இர்பான் ஒரு தடவை குனிந்து முழங்காலைப் பிடித்தவன் நிமிர வெகுநேரம் எடுத்தான். நடுக்களத்தில் என் மகன் நடந்துகொண்டிருந்தான். இரண்டு நாள் தொடர்ந்து மூன்று வீட்டில் ஒருவனுடைய பங்கை மூன்று பேர் தங்கள் பங்கோடு சேர்த்துத் தின்றால் என்ன ஆகும் என்பதை நான் மட்டும் யோசிக்கவில்லை. ஹாஜியார் ஒரு முன்கள வீரனின் வயிற்றைக் குறிவைத்தார். நான் அதைத் தடுத்து என் முழுத் தடுப்பு வரிசையையும் அவருக்குக் கொடுத்திருந்தேன்.

"சேர், தண்ணி!" என்று ஜவாத் ஓரத்துக்கு வந்தான்.

"தண்ணி குடிச்சா இன்னும் பாரம் ஏறும். போ," என்றேன்.

அன்று எங்களைக் காப்பாற்றியவன் கோகுலன். விரதக்காரன் காற்றில் கடதாசிபோல எழும்பினான். மூலைக்கு வந்த பந்துகளை விரல் நுனியால் வெளியே தள்ளினான். ஒரு பந்தை நெஞ்சால் நிறுத்திவிட்டு ஜவாதைப் பார்த்து, "அண்ணே, நித்திரை வந்தா சொல்லுங்க, பாய் போட்டுத் தாறன்," என்று கத்தியது எனக்குக் கதிரையில் கேட்டது. கோல் இல்லாமல் இடைவேளை வந்தது. கோல் இல்லாமல் இரண்டாம் பாதியும் ஓடியது. சமம் அவர்களுக்குப் போதும். ஹாஜியார் எதிர்ப்பக்கத்துப் பந்தலின் கீழ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

முடியச் சில நிமிடம் இருக்கையில் கோகுலன் ஒரு பந்தைப் பிடித்து, எங்கள் ஆட்கள் யாரையும் நம்பாமல், தன் கோலிலிருந்தே நெடுந்தூரம் உதைத்தான். காற்று அதைக் கொண்டுபோனது. அஸ்மி விரட்டினான். கோல் எல்லைக்குள் அவன் புகுந்தபோது நௌபல் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து விழுத்தினான். சகலனைச் சகலன் இழுத்ததை மைதானம் முழுக்கப் பார்த்தது. மத்தியஸ்தரும் பார்த்தார். பெனால்டி.

எங்கள் பெனால்டிகளை எப்போதும் அஸ்மிதான் அடிப்பான். அன்று அவன் பந்தை எடுக்கவில்லை. எழும்பி மணலைத் தட்டிக்கொண்டு நின்றான். என்னைப் பார்க்கவில்லை. பந்தலைப் பார்த்தான்.

செயலாளர் என் தோளை உலுக்கினார். "காக்கா, அவனுக்குக் குடுக்காதீங்க! பொடியன் நடுங்குறான். உங்கட மகனுக்குக் குடுங்க!"

ஸபான் அடித்திருப்பான், நல்ல கால்தான். கழகத்துக்கு ஆபத்துக் குறைந்த வழி அதுதான். ஆனால் ஸபான் அடித்து வென்றால், அஸ்மி மாமனாருக்குப் பயந்து ஒதுங்கியவன் என்று ஒரு கதை. ஸபான் தவறவிட்டு நாங்கள் இறங்கினால், அஸ்மி வேண்டுமென்றே ஒதுங்கியவன் என்று ஒரு கதை. ருஸைனா வேண்டாம் என்று சொன்ன அதே கதை. அஸ்மியே போய்ப் பந்தை எடுத்தால், தானாக முன்வந்து மாமனாரை இறக்கியவன். அவனாகச் செய்கிற எதுவும் அவனுக்கு நல்லதில்லை.

அப்போதுதான் எனக்கு ஆசான் சொன்ன கதிரை ஞாபகம் வந்தது.

கதிரையின் மேல் ஏறினேன். அதன் கால்கள் மணலில் புதைந்து ஒரு பக்கம் சரிந்தன. செயலாளர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். காற்றுக்கு மேல், எதிர்ப்பக்கத்துப் பந்தலுக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"அஸ்மி! பந்த எடு! நீதான் அடிக்கிற! இது என்ட உத்தரவு! மாட்டனெண்டா இண்டையோட கழகத்த உட்டுப் போ! அடிச்சாலும் பொறுப்பு எனக்கு, பிழைச்சாலும் பொறுப்பு எனக்கு!"

சம்மாந்துறைக் கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்:

"கோச்! மூணு ஊட்டு வட்டிலப்பம் முடிஞ்சத்துக்கும் நீங்கதானா பொறுப்பு?"

"அதுக்கும் நான்தான்டா!" என்றேன்.

இரண்டு ஊரும் சிரித்தது. நௌபல் சிரித்தான். அஸ்மியும் சிரித்தான், தோள் இறங்கியது. போய்ப் பந்தை எடுத்து வைத்தான். அவன் எப்போதும் அடிக்கும் மூலைக்கே அடித்தான். அவர்களுடைய காப்பாளன் மறுபக்கம் விழுந்தான்.

மிச்ச நிமிடங்களில் நடந்ததை நான் பார்க்கவில்லை. கதிரை உடைந்து கீழே கிடந்தேன்.

ஆட்டம் முடிந்ததும் ஹாஜியார் மைதானத்தைக் குறுக்கறுத்து என்னிடம் வந்தார். தோற்ற கழகத்தின் தலைவர் அப்படி வரும்போது நிருபர் பேனாவைத் திறப்பான். பயிற்றுவிப்பாளர் எழும்பி நிற்பான். எழும்பினேன்.

"கோச், நீங்க சத்தம் போட்டது விளங்கிச்சு," என்றார்.

"தூரத்துலயும் கேட்டதா, ஹாஜியார்?"

"கேட்டதெண்டு சொல்லல்ல. விளங்கிச்செண்டு சொன்னன்." என் தோளில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். "என்ட மருமகன் தல குனியாம என்ட ஊட்டு வாசலால உள்ளுக்கு வர வெச்சிட்டீங்க. அதுக்கு ஸலாம்."

கை கொடுத்தார். பிறகு மணலில் நீட்டி நிமிர்ந்து கிடந்த என் வீரர்களை நிதானமாகப் பார்த்தார்.

"அந்த நடுவுல ஆடினவரு, உங்கட மகனெண்டா நேத்துச் சொன்னீங்க?"

"ஓம்."

"ம். நல்லாச் சாப்பிட்டாரு," என்றார். அஸ்மியைக் கூப்பிட்டு, வந்த அதே வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்.

அன்று அந்த வீட்டில் நடந்ததை அஸ்மி பிறகு சொன்னான். மாமி முகம் கொடுக்கவில்லை. புது மாப்பிள்ளைக்கு அன்றைய சாப்பாடு சோறும் பருப்பும் மட்டும். ருஸைனா அதை வைத்துவிட்டுத் திரும்பி நின்று சிரித்தாளாம். பெரிய மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது ஹாஜியார் தடுத்திருக்கிறார். "மில்லுல நான் சொன்னத்த ஆளுகள் செய்யாட்டி நான் உடுவனா? அவன்ட கோச் சொன்னாரு, செஞ்சான். கோவமெண்டா கோச்சப் போய் ஏசுங்க." பெரிய மாமா அடுத்த நாள் தொலைபேசியில் கூப்பிட்டு ஏசினார். கேட்டுக்கொண்டேன். கதிரை அதற்குத்தான்.

பாடம் இதுதான். உங்கள் வீரன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி விழும் என்றால், அவனுக்குத் தைரியம் சொல்லாதீர்கள். அவனிடம் அது இருக்கும். "அவர்தான் சொன்னார்" என்று விரல் நீட்ட ஓர் ஆளைக் கொடுங்கள். அந்த ஆள் நீங்களாக இருங்கள்.

இத்தோடு நிறுத்தினால் நான் பெரிய மூளைக்காரன் என்று நீங்கள் வீட்டுக்குப் போவீர்கள். மிச்சத்தையும் கேளுங்கள்.

நாங்கள் பிரிவில் நிலைத்தோம், அவர்கள் இறங்கினார்கள். அஸ்மி அடுத்த சீசனில் அங்கே பதிவானான், அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது ஜவாதுக்கு வந்த பேச்சு. ஹாஜியாரின் தங்கையை முடித்த அந்தப் பெரிய மாமாவின் மகள். பிறகு இர்பானுக்கு, சாச்சியின் மகள். தடுப்பு வியூகம் என்று நினைத்து நான் என்னுடைய மிகச் சிறந்த ஆட்களைக் குளிப்பாட்டி, புதுச் சாரம் உடுத்தி, அந்த ஊரில் கலியாணத்துக்குப் பெண் வைத்திருந்த மூன்று வீடுகளின் கூடத்திலும் வரிசையாக உட்கார வைத்திருக்கிறேன். அடக்கமாகச் சாப்பிடுகிறானா, பெரியவர்களுக்கு மதிப்புக் கொடுக்கிறானா, வாப்பா என்ன வேலை, எல்லாவற்றையும் அவர்கள் நின்றபடியே பார்த்து முடித்திருந்தார்கள். எந்தத் தரகரும் இப்படி ஒரு வேலை செய்து கொடுத்ததில்லை. தரகு எனக்கு வராது என்று நினைத்திருந்தேன்.

அந்தக் கழகம் ஒரே வருஷத்தில் மேலே வந்தது. வந்து எங்களை எங்கள் மைதானத்திலேயே வென்றது. ஜவாத் அன்று பசியோடு ஆடினான்; ஒருவனையும் தாண்டவிடவில்லை. கோகுலன் மட்டும் எங்களோடு இருந்தான். "சேர், ஹாஜியாரு என்னையும் சோத்துக்குக் கூப்பிட்டவரு. போகட்டா?" என்று என்னைப் பார்க்கும் போதெல்லாம் கேட்பான்.

அந்தத் தோல்விக்குப் பிறகு ஒரு நாள் ஹாஜியார் பழத்தட்டுகளோடு என் வீட்டுக்கு வந்தார். அவருடைய கடைசி மகளுக்கு என் மகனைக் கேட்டு. நான் வாய் திறக்குமுன் என் மனைவி உள்ளேயிருந்து, "நல்ல இடம், சரியெண்டு சொல்லுங்க," என்றாள். ஸபான் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வட்டிலப்பத்தை அவன் மறக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

நிக்காஹ்வுக்கு அடுத்த நாள் அதே கூடம், அதே சஹன். இந்தத் தடவை என் எதிரே உட்கார்ந்தவர் ஹாஜியார். சம்பந்திகள் ஒரு தட்டத்தில் சாப்பிட வேண்டும் என்று மற்றவர்கள் இழுத்து உட்கார வைத்தார்கள். சுற்றி அஸ்மி, நௌபல், ஜவாத், இர்பான் நின்று பரிமாறினார்கள். எல்லோரும் அந்த வீட்டு ஆட்கள். என் முழு அணியும் எனக்குச் சோறு வைத்தது. நான் கழகத்தை விட்டு ஓய்வு பெறுவதாக அந்த வாரம்தான் செயலாளரிடம் சொல்லியிருந்தேன். அந்தச் செய்தி எனக்கு முன்னரே சம்மாந்துறைக்கு வந்து சேர்ந்திருந்தது.

ஹாஜியார் ஒரு முழுக் கோழியை உடைத்து, பெரிய துண்டை என் பக்கம் தள்ளினார்.

"தின்னுங்க சம்பந்தி," என்றார். "இனி உங்களுக்கு மேட்ச் இல்லத்தானே."